பழைய செஸ்னா 172-க்கு எந்த ரேடியோ போடலாம்? காரைக்குடித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். அப்பச்சி காலத்து செஸ்னா 172பி (172P) விமானம், 28 வோல்ட். பேனலில் பேசவும் வழி பார்க்கவும் உதவும் கேஎக்ஸ் 155 ரேடியோ இரண்டு, ஒன்றில் எண்கள் மங்கி பாதி தெரிவதில்லை. ரேடாருக்குப் பதில் சொல்லும் கேடி 76ஏ டிரான்ஸ்பாண்டர், ஹெட்செட்டுக்கு ஒலி கொடுக்கும் பழைய கேஎம்ஏ 24 ஆடியோ பேனல், தரை நிலையம் இருக்கும் திசையைக் காட்டும், யாரும் தொடாத ஒரு ஏடிஎஃப். கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் பயிற்சி முடியப் போகிறது, திருச்சி, மதுரை, சேலம், புதுச்சேரி என்று பறக்க ஆசை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு பெரிய டச் ஸ்க்ரீன் வைக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். ஒரு நல்ல ஜிபிஎஸ் நாவிகேட்டர், அதோடு ஒட்டோ உறவோ இல்லாத தனி இரண்டாவது ரேடியோ, மோட் எஸ் வகை டிரான்ஸ்பாண்டர், புது ஆடியோ பேனல், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆன்டெனாவும் கேபிளும். ஏடிஎஃப் வெளியே போகட்டும், அதற்குச் சிக்னல் அனுப்பும் என்டிபி நிலையங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, அந்த எடையைச் சுமப்பதில் பயனில்லை. இது என் முடிவு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எப்படிப் பறக்கப் போகிறீர்கள் என்பதை நேர்மையாக முடிவு செய்யுங்கள். நம் நாட்டில் கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் என்றால் பகல் மட்டும்தான், சூரியன் மறைந்த பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் கிடையாது. பகலில், கண்ணுக்குத் தெரியும் தூரம் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதுதான் திட்டம் என்றால் கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் முறைக்கான நாவிகேட்டருக்குப் பணத்தைக் கொட்டத் தேவையே இல்லை. இரண்டு நல்ல காம் (பேசும் ரேடியோ), ஒரு டிரான்ஸ்பாண்டர், கையில் ஒரு டேப்லெட் போதும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எடுத்து அதை உயிரோடு வைத்திருக்கப் போகிறேன் என்கிறீர்கள், அதனால்தான் பெரிய பெட்டியைப் பற்றியே பேசுகிறேன்.

அடுத்து ஊர் இருக்கும் இடம். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 42 கடல் மைல், மதுரை 43. கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறோம். விமான ரேடியோவின் விஎச்எஃப் அலை பார்வைக் கோட்டில்தான் போகும். உயரத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் எத்தனை கடல் மைல் எட்டும் என்று தோராயமாக வரும். ஆயிரம் அடியில் 39, ஆயிரத்து ஐந்நூறு அடியில் 48, மூவாயிரத்தில் 67. அதாவது செட்டிநாட்டுக்கு மேலே ஆயிரத்து ஐந்நூறு அடிக்குக் கீழே போனால் இரண்டு டவரும் கேட்பது சந்தேகம், அதற்கு மேலே போனால் இரண்டும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உங்கள் விமானத்தில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் ரேடியோவின் சக்தியைச் சொல்லும் வாட் எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

அதனால் 10 வாட்டா 16 வாட்டா என்ற கேள்விக்கு அதிகம் தூக்கம் கெடாதீர்கள். உங்களுடையது 28 வோல்ட் என்பதால் 16 வாட் போட முடியும், ஆனால் 10-க்கும் 16-க்கும் வித்தியாசம் இரண்டு டெசிபல், அவ்வளவுதான். துருப்பிடித்த ஒரு கனெக்டர் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பேனல் மாற்றும் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் ஊர் வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைப் பூச்சின் பளபளப்பைத்தான் எல்லோரும் தடவிப் பார்ப்பார்கள், உள்ளே செங்கல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, பேனலும் அப்படித்தான். எண்பதுகளின் செஸ்னாவில் ஆர்ஜி-58 கேபிள்தான் ஓடும். ஒற்றை வலை உறை, வெயிலில் வெந்து இறுகிப்போன உள் இன்சுலேஷன். கடற்கரைப் பக்கத்து ஹேங்கரில் நின்ற ஒரு 172-ஐ எங்கள் பட்டறையில் திறந்தோம், ரேடியோ கேட்கவில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை பெட்டியை மாற்றியிருந்தார்கள். கூரைமேல் இருந்த ஆன்டெனாவின் அடித்தட்டை எடுத்தால் அலுமினியத்தின்மேல் உப்பு பூத்த மாதிரி வெள்ளைத் துகள், பிஎன்சி கனெக்டருக்குள் செம்பு பச்சையாகி, விரலால் இழுத்ததும் வலை உறை உதிர்ந்து கையோடு வந்தது. தட்டைச் சுரண்டி, புது கேபிள் ஓட்டி, பழைய ரேடியோவையே திரும்பப் போட்டதும் சத்தம் தெளிவாக வந்துவிட்டது. அந்த விமானத்துக்கு இரண்டு ரேடியோ வாங்கிய காசு வீண்.

ஆகவே மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது: எல்லா கேபிளையும் ஆர்ஜி-400-ஆக மாற்றித் தருவீர்களா? இரட்டை வலை உறை, டெஃப்லான் இன்சுலேஷன், பேனலுக்குப் பின்னால் சேரும் சூட்டைத் தாங்கும். ஆன்டெனா அடியில் உலோகத்தோடு உலோகம் பிடிக்கும்படி சுத்தம் செய்து பொருத்தி, மேலே சீலன்ட் வைத்து, ஆன்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பித் தள்ளுகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் "நல்லா இருக்கு" என்றால் போதாது. இரண்டு காம் ஆன்டெனாவையும் கூரையிலேயே பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் ஒன்றில் பேசும்போது மற்றது இரையும். ஒன்றை வயிற்றுப் பக்கம் கொண்டுபோனால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும், தரையில் நிற்கும்போது கீழ் ஆன்டெனா சற்று மந்தமாக இருக்கும் என்பது மட்டும்தான் விலை.

ஜிபிஎஸ் ஆன்டெனா வரும்போது இன்னொரு சிக்கல். ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். உங்கள் காம் 121.150, 121.175, 121.200 ஆகியவற்றில் பேசும்போது அதன் 13-வது ஹார்மோனிக் (பதிமூன்று மடங்கு அலைவரிசை) கிட்டத்தட்ட அந்த இடத்தில் போய் விழும், 131.250, 131.275, 131.300-இல் 12-வது ஹார்மோனிக் விழும். வேண்டுமானால் 131.275-ஐ 12-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1575.3. அதனால் வேலை முடிந்து விமானத்தைப் பட்டறையிலிருந்து எடுக்கும் முன் இந்த ஆறு அலைவரிசையிலும் இரண்டு ரேடியோவிலும் அரை நிமிடம் பேசும் பொத்தானான பிடிட்டியை அழுத்தி ஜிபிஎஸ் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பட்டறை கேட்காமலே செய்யும். எமர்ஜென்சி பீக்கனான பழைய இஎல்டியின் ஆன்டெனா இந்தக் குறும்பைப் பெரிதாக்குவதும் உண்டு, சந்தேகம் வந்தால் அதைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

அமெரிக்காவில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக் குழம்பாதீர்கள். அங்கே ஜிபிஎஸ் வழியாகவே உயரம் காட்டி இறக்கும் எல்பிவி அப்ரோச் சின்னச் சின்ன ஊர்களுக்கும் இருக்கிறது, அதனால் ஜிபிஎஸ்ஸும் காமும் மட்டும் உள்ள கார்மின் ஜிஎன்சி 355 மாதிரிப் பெட்டி போதும் என்பார்கள். நமக்கும் ஜிபிஎஸ்ஸைத் திருத்திக் கொடுக்கும் ககன் இருக்கிறது. 2013 கடைசியில் வழிப்பயணத்துக்கும் 2015-இல் உயர வழிகாட்டும் அப்ரோச்சுக்கும் சான்று பெற்றது, ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் வழியாக வருகிறது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த எஸ்பிஏஎஸ் ரிசீவர்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மேகம் இறங்கிய நாளில் திருச்சியிலோ மதுரையிலோ உங்களை இறக்கப் போவது பெரும்பாலும் ஓடுதளத்தருகே இருந்து ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ்தான். விஓஆர் (நிலையத்தின் திசை), லோக்கலைசர் (ஓடுதளத்தின் நேர்), கிளைடு ஸ்லோப் (இறங்கும் சரிவு) மூன்றையும் பிடிக்கும் நாவ் ரிசீவர் இல்லாமல் நம் பக்கம் ஐஎஃப்ஆர் பறப்பது அரைகுறை. தவிர, ஜிபிஎஸ் சிக்னலைக் குலைப்பதும் பொய் சிக்னல் அனுப்புவதும் இப்போது எல்லா நாட்டிலும் கவலை. 2023 நவம்பரில் நம் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டது. விஓஆர் முள் பேனலில் இருக்கட்டும்.

அதனால் முதல் பெட்டிக்கு என் தேர்வு கார்மின் ஜிடிஎன் 650எக்ஸ்ஐ. ஜிபிஎஸ், நாவ், காம் மூன்றும் ஒன்றில். அவிடைன் ஐஎஃப்டி 440-உம் அருமையான பெட்டிதான், டச்சும் உண்டு திருகும் குமிழும் உண்டு, குலுங்கும் காற்றில் குமிழ்தான் கைக்கு வசம். ஆனால் அதன் பெரிய பலம் கார்மினின் பழைய நாவிகேட்டரான ஜிஎன்எஸ் 430டபிள்யூ இருந்த தட்டிலேயே நுழைந்துகொள்வது. உங்களிடம் 430 இல்லை, வயரிங் எப்படியும் புதிது, ஆகவே அந்த லாபம் உங்களுக்குக் கிடைக்காது. கடைசியில் எந்தப் பட்டறை உங்களுக்கு வேலை செய்யப் போகிறதோ அவர்கள் எந்தக் கம்பெனிப் பெட்டியைத் திறந்து பழகியிருக்கிறார்களோ அதையே எடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுது பார்த்து வரவழைக்க ஆகும் மாதங்களை நினைத்துப் பாருங்கள், அதற்குள் பருவமழையே வந்துபோய்விடும்.

இன்னொன்று, டேட்டாபேஸ். 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் சுழற்சி, ஆண்டுச் சந்தா. இதைக் கட்டாமல் விட்டால் ஐஎஃப்ஆர் நாவிகேட்டர் வெறும் வண்ணப் படமாகிவிடும். வாங்கும் விலையோடு ஐந்து வருடச் சந்தாவையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதுக்குப் புதுசு வாங்காதீர்கள் என்பதுதான் நீங்கள் எதிர்பார்க்காத பதிலாக இருக்கும். உங்கள் இரண்டு கேஎக்ஸ் 155-இல் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டியான ரேடியோ. வயதானால் போவது பெரும்பாலும் அந்த ஆரஞ்சு நிற எண் காட்டும் வாயுக் குழாயும் அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பகுதியும்தான். அதோடு இணைந்திருக்கும் முள் கருவி கேஐ 209-ஆ 208-ஆ என்று பாருங்கள். 209-இல்தான் குறுக்காகப் போகும் கிளைடு ஸ்லோப் முள் இருக்கும். கேஎக்ஸ் 155-உம் கிளைடு ஸ்லோப் ரிசீவர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையில் வந்தது, பெட்டியின் தகட்டில் உள்ள பார்ட் நம்பரைப் பட்டறையில் காட்டினால் சொல்லிவிடுவார்கள். இரண்டும் இருந்தால் ஜிபிஎஸ்ஸோ திரையோ செத்தாலும் ஐஎல்எஸ்ஸில் இறங்க முழுதாகத் தனியான இரண்டாவது வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தனி பிரேக்கர், தனி ஆன்டெனா, தனி முள் கருவி. நாவிகேட்டரோடு எதையும் பகிரக் கூடாது.

பணம் இறுக்கம் என்றால் இதே தர்க்கத்தில் இன்னும் சிக்கனமான வழி: ஜிஎன்சி 355-ஐ முதலாவதாக வைத்து, கிளைடு ஸ்லோப் உள்ள கேஎக்ஸ் 155-ஐ ஐஎல்எஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர் சொல்லும் காரணத்துக்காக அல்லாமல் நம் காரணத்துக்காக அதே பெட்டி பொருந்தும். உயரமும் இரண்டு அங்குலம்தான், பழைய 155 இருந்த இடத்தில் அடங்கும். 650எக்ஸ்ஐ 2.65 அங்குலம் கேட்கும். ஏடிஎஃப் போன இடம் அதற்கு உதவும். எதை வாங்குவதானாலும் முதலில் டேப்பை எடுத்து ரேடியோ அடுக்கின் உயரத்தையும், பின்னால் வயர் மடங்க எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முள் கருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேஐ 208, 209 இரண்டும் விஓஆர் சிக்னலைத் தமக்குள்ளேயே பிரித்துக்கொள்பவை, ஜிபிஎஸ்ஸுக்கு வாய் கிடையாது. பின்னால் 'ஏ' எழுத்துள்ள 209ஏ வேறு. ஆகவே முதல் நாவிகேட்டருக்கு ஜிஐ 106 போன்ற புது முள் கருவியோ, ஜி5, ஜிஐ 275 போன்ற எலக்ட்ரானிக் கருவியோ கட்டாயம் வேண்டும். பட்டறை கொடுக்கும் விலைப்பட்டியலில் இது இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பட்டியலில் விட்டுப்போயிருக்கும், பிறகு நடுவில் வந்து தலையைச் சொறிவார்கள்.

ஆடியோ பேனலில் கஞ்சத்தனம் வேண்டாம். நாள் முழுக்கக் காதில் கேட்பது அதுதான். கார்மின் ஜிஎம்ஏ 345, பிஎஸ் இன்ஜினியரிங் பிஎம்ஏ 450பி இரண்டுமே நன்று. கேட்க வேண்டிய ஒரே கேள்வி: மின்சாரம் போனால் பைலட் ஹெட்செட் நேராக ஒரு காமோடு சேர்ந்துகொள்கிறதா, எந்தக் காமோடு? சாதாரணமாக முதல் காம். அதோடு, ஹெட்செட் ஜாக்குகள் விமான உடலைத் தொடாமல் இன்சுலேட்டிங் வாஷரோடு இருக்க வேண்டும். ஒன்று தொட்டாலும் ஆல்டர்னேட்டரின் சீட்டிச் சத்தம் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கிக் காதைத் துளைக்கும், பெட்டி கெட்டுவிட்டது என்று எல்லோரும் தப்பாகத் தேடுவார்கள்.

டிரான்ஸ்பாண்டருக்கு வந்தால், கேடி 76ஏ-வை இனி நம்ப வேண்டாம். நம் வான்வெளியை யோசியுங்கள்: வடகிழக்கே தஞ்சாவூரில் விமானப்படையின் சுகோய் அணி, தெற்கே உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. எஃப்ஐசி (பறப்புத் தகவல் மையம்) எண்ணும் ஏடிசி (வான்பாதுகாப்பு அனுமதி, ADC) எண்ணும் வாங்கிப் பறந்தாலும் ரேடாரில் உங்கள் உயரம் தெளிவாகத் தெரிய வேண்டும். டிரிக் டிடி31 கேடி 76ஏ-வின் தட்டிலேயே நுழையும், மோட் எஸ், விமானம் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி அவுட்டும் 1090 மெகாஹெர்ட்ஸில் உண்டு, ஜிபிஎஸ்ஸிலிருந்து ஒரு வயர் மட்டும் இழுக்க வேண்டும். கார்மின் ஜிடிஎக்ஸ் 335-உம் சரி. இணையத்தில் மலிவாகத் தென்படும் 978 மெகாஹெர்ட்ஸ் யுஏடி பெட்டிகளைத் தொடவே தொடாதீர்கள், அது அமெரிக்காவுக்கு மட்டும். திரையில் வானிலைப் படம் இலவசமாக வரும் என்று விளம்பரப்படுத்துவதும் அங்கே தரையிலிருந்து அனுப்பும் சேவை, இங்கே அந்தத் திரை காலியாகத்தான் இருக்கும்.

காம் சேனல்களுக்கு நடுவே 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்பது ஐரோப்பாவின் தேவை. உங்களுக்கு 25 போதும். புதுப் பெட்டியில் இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இஎல்டி இன்னும் 121.5 மட்டும் அனுப்பும் பழையது என்றால் இதே சாக்கில் 406 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு மாற்றிவிடுங்கள், 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை.

இப்போது காகிதம். மலேசியாவில் இருக்கும் மச்சான் வரும்போது பெட்டியைக் கொண்டுவந்துவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள், விலையும் குறையும் என்று. அப்படிச் செய்யாதீர்கள். இது அனுப்பும் கருவி. இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு அனுமதி வேண்டும், கையில் பிடிக்கும் ஐகாம் மாதிரிச் சின்ன ஏர்பேண்ட் ரேடியோவுக்கும் அதே சட்டம். பெட்டியோடு எஃப்ஏஏ 8130-3 அல்லது ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1 சான்று இல்லாவிட்டால் எந்த நேர்மையான பட்டறையும் உங்கள் விமானத்தில் மாட்டாது. எக்ஸ்பெரிமென்டல் விமானத்துக்கென்று விற்பதும் சான்று பெற்றதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், விலையில் பாதி வித்தியாசம் தெரிந்தால் உஷாராகுங்கள். உங்கள் 172பி அந்தப் பெட்டியின் எஸ்டிசி (மாற்றத்துக்கான சான்று) பட்டியலில் இருக்கிறதா, டிஜிசிஏ-விடம் மாற்றத்துக்கு யார் விண்ணப்பிப்பார்கள், மின்சுமைக் கணக்கும் எடை-சமநிலைத் தாளும் யார் போடுவார்கள், ஃப்ளைட் மேனுவல் சப்ளிமென்ட் யார் தருவார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். ரேடியோ மாறினால் விமானத்தின் ஏரோ மொபைல் லைசென்ஸிலும் மாற வேண்டும், இதை மறந்துவிட்டு ஆண்டுப் பரிசோதனையில் மாட்டுவோர் நிறைய.

ஊரில் சிலர் இது வீண் ஆடம்பரம் என்று சொல்வதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் குரோய்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர் என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். நம் மண்ணுக்கு இது புதிதில்லை.

வேலை முடிந்து கடைசித் தவணை கொடுக்கும் முன் ஒரு பறப்பு. தெளிவான நாள் பார்த்து மூவாயிரம் அடியில் காரைக்குடிக்கு மேலே வட்டமடித்து, முதல் காமில் திருச்சியையும் இரண்டாவதில் மதுரையையும் கூப்பிட்டு எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள், பிறகு ரேடியோக்களை மாற்றிக் கூப்பிடுங்கள். வலது, இடது, மூக்கு, வால் என்று நான்கு பக்கமும் திருப்பி ஒரே மாதிரி கேட்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் ஆன்டெனா இருக்கும் இடத்தில் தப்பு. விஓஆர் முள் இரண்டும் ஒரே நிலையத்துக்கு நான்கு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ரேடார் கன்ட்ரோலரிடம் உங்கள் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் மோட் சி உயரம் என்ன தெரிகிறது என்று கேட்டு, ஆல்டிமீட்டரோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை விமான லாக் புத்தகத்தோடு வைத்துவிட்டுப் பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள். ரேடியோ அடுக்கின் அளவும் கேஎக்ஸ் 155-இன் பார்ட் நம்பரும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், வயரிங் வரைபடத்தை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.